எஸ்எஸ்எச் வழியாக 14 டிபி நகர்த்த வேண்டும், என்கிரிப்ஷனைக் கழற்றிவிட்டால் வேகம் கூடுமா?

கிடங்குக்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பழைய ஸ்டோரேஜ் சர்வரிலிருந்து புதியதுக்கு 14 டிபி மாற்ற வேண்டும். இரண்டும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து ரேக்கில், நடுவில் ஒரே ஒரு சுவிட்ச், 10 ஜிகாபிட் இணைப்பு. எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் சனி இரவு 10 மணியிலிருந்து ஞாயிறு காலை 6 வரை, அதாவது 8 மணி நேரம். ஆர்சிங்கை (ஃபைல் நகலெடுக்கும் கருவி) எஸ்எஸ்எச் (என்கிரிப்ட் செய்த இணைப்பு) மேல் ஓட்டிப் பார்த்தால் நொடிக்கு 205 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது, அந்தக் கணக்கில் முடிய 19 மணி நேரம் ஆகும்.

ஐபெர்ஃப்3 வைத்து நெட்வொர்க் வேகத்தைப் பார்த்துவிட்டேன், 9.4 ஜிகாபிட் வருகிறது, ஆகவே கேபிள், சுவிட்ச் மேல் குற்றமில்லை. டாப் போட்டு சிபியு பயன்பாட்டைப் பார்த்தால் இரண்டு பக்கமும் எஸ்எஸ்எச் ப்ராசஸ் ஒரு கோரை 100 சதவீதம் பிடித்துக்கொண்டிருக்கிறது, மற்ற கோர்கள் சும்மா கிடக்கின்றன. என்கிரிப்ஷன்தான் தின்கிறது என்பது என் முடிவு.

சைஃபர் (என்கிரிப்ஷன் முறை) இடத்தில் 'நன்', அதாவது எதுவும் வேண்டாம், என்று கொடுத்துப் பார்த்தேன், அப்படி ஒரு சைஃபரே தெரியாது என்று எஸ்எஸ்எச் திருப்பி அனுப்பிவிட்டது. பழைய பதிவுகளில் எல்லாரும் ஆர்க்ஃபோர் போடு, பிளோஃபிஷ் போடு என்று பழைய சைஃபர்களை எழுதியிருக்கிறார்கள், இப்போதைய வெர்ஷனில் அவை இரண்டுமே இல்லை. கடைசியில் எச்பிஎன்-எஸ்எஸ்எச் என்ற பேட்ச் கண்ணில் பட்டது, அதில் லாகின் மட்டும் என்கிரிப்ட் ஆகும், அதன் பிறகு டேட்டா வெறுமனே போகும் என்கிறார்கள். யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? ஒரே அறைக்குள் போகிற டேட்டாவுக்கு என்கிரிப்ஷன் எதற்கு என்பதுதான் என் கேள்வி. உள்ளே இருப்பது பெரும்பாலும் வாடிக்கையாளர்களின் ஸ்கேன் ஆவணங்களும் பேக்கப் இமேஜ்களும்.

வெறுங்கம்பி எழுதியது:

எச்பிஎன் எல்லாம் எதற்கு? இரண்டு பக்கமும் பேட்ச் போட்டு, கம்பைல் செய்து, அதற்குள் ஞாயிறு விடிந்துவிடும். வாங்குகிற பக்கம் நெட்கேட்டை (டேட்டாவை அப்படியே நெட்வொர்க்கில் தள்ளும் கருவி) ஒரு போர்ட்டில் உட்கார வையுங்கள், அனுப்புகிற பக்கம் டாரை (ஃபைல்களை ஒரே ஓட்டமாகக் கட்டும் கருவி) நெட்கேட்டுக்குள் பைப் செய்யுங்கள், நடுவில் பிவி சொருகினால் வேகமும் தெரியும். 10 ஜிகாபிட்டில் நொடிக்கு ஒரு ஜிபிக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒரே அறை, ஒரே சுவிட்ச், யார் வந்து ஒட்டுக்கேட்கப் போகிறார்கள்?

நள்ளிரவுஷிப்ட் எழுதியது:

"யார் வந்து ஒட்டுக்கேட்கப் போகிறார்கள்" என்ற வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். எஸ்எஸ்எச் பிறந்ததே 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை உறிஞ்சிய பிறகுதான், அதுவும் ஒரு 'நம்ம' நெட்வொர்க்தான். 2013-ல் வெளியான ஸ்னோடன் ஆவணங்களில் கூகுளும் யாஹூவும் தங்கள் டேட்டா சென்டர்களுக்கு நடுவே வைத்திருந்த தனி இணைப்புகளையே அமெரிக்க உளவுத்துறை ஒட்டுக்கேட்டது தெரிய வந்தது. சரி, உங்கள் ரேக்குக்குள் உளவுத்துறை வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த சுவிட்சில் வேறு யார் சொருகியிருக்கிறார்கள், போக்குவரத்தை நகலெடுக்கும் மிரர் போர்ட் போட்டு வைத்திருக்கிறார்களா என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

ஒட்டுக்கேட்பதை விடுங்கள், எனக்கு நெட்கேட் வைத்த ஆப்பு வேறு. இரவு ஒரு டிஸ்க் இமேஜ் அனுப்ப வேண்டியிருந்தது, வாங்குகிற சர்வரில் நெட்கேட்டை 9000-ல் கேட்க வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்க் கமாண்ட் அடிப்பதற்குள் எங்கள் பாதுகாப்புக் குழுவின் போர்ட் ஸ்கேனர் வந்து 9000-ஐத் தொட்டுவிட்டுப் போனது. நெட்கேட் பாவம், வந்தது யாரென்று அதற்கு எப்படித் தெரியும், கனெக்ஷனை வாங்கிக்கொண்டது, ஸ்கேனர் உடனே துண்டித்தது, நெட்கேட்டும் வேலை முடிந்ததென்று வெளியே வந்துவிட்டது. கையில் இருந்தது பூஜ்ஜியம் பைட் ஃபைல். இது பரவாயில்லை, அனுப்பும் பக்கம் கனெக்ஷன் மறுக்கப்பட்டது என்று பிழை வந்ததால் கண்டுபிடித்துவிட்டேன். இரண்டாவது முயற்சியில் அனுப்புகிற பக்கம் டிஸ்க்கைப் படிக்கும்போதே பிழை வந்து நின்றுவிட்டது, பைப் மூடியது, நெட்கேட் அதை 'முடிந்தது' என்று எடுத்துக்கொண்டது, வாங்கும் பக்கம் எந்தப் புகாரும் இல்லாமல் 300 ஜிபி குறைவான ஒரு இமேஜை வைத்துக்கொண்டு நான் காலை காபி குடித்தேன். எஸ்எச்ஏ256 செக்சம் போட்டு இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது மூன்று நாள் கழித்துத்தான்.

என்கிரிப்ஷன் என்றால் ரகசியம் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். எஸ்எஸ்எச் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு சரிபார்ப்புக் குறி வைக்கிறது, வழியில் ஒரு பிட் புரண்டாலும் 'கரப்டட் மேக் ஆன் இன்புட்' என்று கத்திவிட்டுக் கனெக்ஷனை அறுத்துவிடும். கோளாறான நெட்வொர்க் கார்டை நான் முதலில் கண்டுபிடித்ததே அந்தச் செய்தியால்தான். நெட்கேட்டில் உங்களுக்கு மிஞ்சுவது டிசிபியின் 16 பிட் செக்சம், அவ்வளவுதான்.

மூன்றாம்கோர் எழுதியது:

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கேள்வி கேட்டவருக்குத் தேவையானது 10 ஜிகாபிட் முழுதும் அல்ல. 14 டிபியை 8 மணி நேரத்தில் முடிக்க நொடிக்கு 486 எம்பி போதும். எஸ்எஸ்எச் அதைத் தாராளமாகத் தரும், என்கிரிப்ஷனைத் தொடாமலே.

முதலில் எது அடைக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஆர்சிங்கை ஓரமாக வையுங்கள், டிஸ்க்கையும் வையுங்கள். டிடி வைத்து வெறும் பூஜ்ஜியங்களை 10 ஜிபி அளவுக்கு எஸ்எஸ்எச்சுக்குள் பைப் செய்து அந்தப் பக்கம் எதையும் எழுதாமல் எறிந்துவிடும் டெவ்-நல்லில் கொட்டுங்கள், இதுதான் எஸ்எஸ்எச்சின் சொந்த வேகம். எந்த சைஃபர் என்று கொடுக்காமல் விட்டால் பொதுவாக சாச்சா20-பாலி1305 வரும். அது நல்ல சைஃபர்தான், ஆனால் முழுக்க மென்பொருளில் ஓடுவது. ஏஇஎஸ் என்ற சைஃபரின் கதை வேறு, 2010-ல் இன்டெல் வெஸ்ட்மியரில் ஆரம்பித்து இன்று சர்வரில் வரும் எல்லா சிபியுவிலும் ஏஇஎஸ்சுக்கென்று தனிக் கட்டளைகள் இருக்கின்றன. அதனால் சைஃபராக ஏஇஎஸ்128-ஜிசிஎம் கொடுத்து அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். கம்ப்ரஷன் எங்கேயாவது ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள், வேகமான லோக்கல் நெட்வொர்க்கில் அதைச் செய்யும் இசட்லிப்தான் முதலில் மூச்சு வாங்கும்.

'நன்' பற்றி ஒரு வேடிக்கை. ஒவ்வொரு எஸ்எஸ்எச் கனெக்ஷனும் ஆரம்பிப்பதே 'நன்'னில்தான், சாவி பரிமாற்றம் முடியும்வரை என்கிரிப்ட் செய்யச் சாவியே கிடையாதே. ஓப்பன்எஸ்எஸ்எச் (வழக்கமான எஸ்எஸ்எச் நிரல்) கோடுக்குள் அது இருக்கிறது, ஆனால் நம் கைக்குத் தராது. எச்பிஎன் செய்வது லாகின் முடிந்ததும் மீண்டும் அதற்கு மாறுவது, அதுவும் டெர்மினல் திறந்த செஷனில் மாறாது, மாறும்போது எச்சரிக்கை போடும், பாக்கெட் சரிபார்ப்பையும் வைத்துக்கொள்ளும். அதை எழுதியவர்கள் பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டர்காரர்கள், யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் இருக்கும் தயக்கம் பாதுகாப்பு அல்ல, பராமரிப்பு. லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன் தரும் எஸ்எஸ்எச்டியை (எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரல்) எடுத்துவிட்டு நீங்களே கம்பைல் செய்ததை வைத்தால் நாளைக்கு ஓட்டை ஒன்று வெளிவரும்போது அப்டேட் உங்கள் தலையில். 2023 டிசம்பரில் டெராபின் என்று எஸ்எஸ்எச்சில் ஒரு ஓட்டை வெளிவந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு ராத்திரி வேலைக்காக அந்தச் சுமையை வாங்குவானேன்.

அப்படியும் என்கிரிப்ஷன் வேண்டாம் என்றால் நெட்கேட்டைவிட ஆர்சிங்க் டெமன் (எஸ்எஸ்எச் இல்லாமல் தானே சர்வராக ஓடும் ஆர்சிங்க்) மேல். 873 போர்ட்டில் ஓடும், எந்த ஐபி வரலாம் என்று கட்டுப்படுத்தலாம், ஒவ்வொரு ஃபைலையும் அதுவே செக்சம் போட்டுச் சரிபார்க்கும். டேட்டா மட்டும் திறந்தபடி போகும்.

கிடங்குக்காரன் எழுதியது:

@மூன்றாம்கோர் அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன், கதை தலைகீழாகிவிட்டது. பூஜ்ஜியச் சோதனையில் சாச்சா20 நொடிக்கு 240 எம்பி. ஏஇஎஸ்128-ஜிசிஎம் 130 எம்பி! பாதியாகக் குறைந்துவிட்டது. மூன்று தடவை ஓட்டினேன், அதேதான். ஆர்சிங்க் டெமனையும் புதிய சர்வரில் ஏற்றிப் பார்த்தேன், என்கிரிப்ஷன் இல்லாமல் 600 எம்பி சுலபமாக வருகிறது. ஆக வெறுங்கம்பி சொன்னதுதான் சரியோ என்று தோன்றுகிறது.

மூன்றாம்கோர் எழுதியது:

சாச்சாவைவிட ஏஇஎஸ் மெதுவாக ஓடுகிறது என்றால் இரண்டில் ஒரு மெஷினுக்கு ஏஇஎஸ் கட்டளைகள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ராஸ்பெர்ரி பை 4-ல் இப்படித்தான் வரும், அந்தச் சிப்பில் அது கிடையாது, 5-ல்தான் வந்தது. உங்களுடையது சர்வர், சிபியுவில் இல்லாமல் இருக்காது. ஒன்று விர்ச்சுவல் மெஷினா? இரண்டிலும் ப்ராக்-சிபியுஇன்ஃபோவைத் திறந்து ஃபிளாக்ஸ் வரியில் 'ஏஇஎஸ்' என்று தேடுங்கள். பக்கத்திலேயே 'பிசிஎல்எம்யுஎல்' என்று ஆரம்பிக்கும் ஒன்றும் வேண்டும், ஜிசிஎம்மின் சரிபார்ப்புப் பாதி அதில்தான் ஓடுகிறது.

கிடங்குக்காரன் எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். பழைய சர்வர் நேரடி மெஷின், இரண்டு ஃபிளாக்கும் இருக்கின்றன. புதியது விர்ச்சுவல் மெஷின் (விஎம்), டிஸ்க் கன்ட்ரோலரை மட்டும் அதற்கு நேராகக் கொடுத்திருக்கிறோம். அதன் ஃபிளாக்ஸ் வரி பாதி நீளம்கூட இல்லை, இரண்டுமே காணோம். சிபியு பெயர் இடத்தில் 'காமன் கேவிஎம் ப்ராசஸர்' என்று இருக்கிறது. விர்ச்சுவலைசேஷன் பார்ப்பவரிடம் கேட்டேன், லைவ் மைக்ரேஷனுக்காக (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு மாற்றுவது) எல்லா விஎம்முக்கும் பொதுவான சிபியு வகைதான் கொடுப்போம் என்றார்.

மூன்றாம்கோர் எழுதியது:

அவர் சொல்வது நியாயமான வழக்கம்தான், வெவ்வேறு தலைமுறை ஹோஸ்டுகளுக்கு நடுவே விஎம் ஓடிக்கொண்டே இடம் மாற வேண்டுமென்றால் எல்லா ஹோஸ்டிலும் இருக்கும் ஃபிளாக்குகளை மட்டுமே காட்ட வேண்டும். ஆனால் உங்கள் விஎம்முக்கு டிஸ்க் கன்ட்ரோலரை நேராகக் கொடுத்தாகிவிட்டது, கட்டிப்போட்ட மாடு அது, எந்த ஹோஸ்டுக்கும் லைவாகப் போகப் போவதில்லை. அதற்குப் பொதுவகை சிபியு எதற்கு? ஹோஸ்ட் சிபியுவை அப்படியே காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் அந்த இரண்டு ஃபிளாக்கை மட்டுமாவது சேர்க்கச் சொல்லுங்கள். முக்கியம்: விஎம்முக்குள் ரீபூட் அடித்தால் மாறாது, முழுதாக அணைத்து மறுபடி ஏற்ற வேண்டும்.

அப்புறம் உங்கள் முதல் பதிவிலேயே இன்னொரு விடை இருக்கிறது. "ஒரு கோர் 100 சதவீதம், மற்றவை சும்மா" என்றீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எச் ஒரு கனெக்ஷனின் என்கிரிப்ஷனை ஒரே கோரில்தான் செய்யும். மூன்று டைரக்டரிக்கு மூன்று ஆர்சிங்க் தனித்தனியாக ஓடவிட்டால் மூன்று எஸ்எஸ்எச், மூன்று கோர். விஎம்மைத் தொடவே விடவில்லை என்றாலும் அந்தப் பழைய சாச்சாவிலேயே உங்கள் 486 வந்துவிடும்.

தொலைதூரம் எழுதியது:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என் கதையும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் சர்வர்கள் இரண்டும் வெவ்வேறு கண்டத்தில். பிங் 180 மில்லிசெகண்ட், லைன் ஒரு ஜிகாபிட், எஸ்எஃப்டிபியில் (எஸ்எஸ்எச் மேல் ஃபைல் மாற்றும் முறை) நொடிக்கு 10, 11 எம்பிக்கு மேல் ஏறுவதே இல்லை. டாப்பில் எஸ்எஸ்எச் 4 சதவீதம்தான் காட்டுகிறது. நானும் ஏஇஎஸ்-ஜிசிஎம்முக்கு மாறினால் தீருமா?

மூன்றாம்கோர் எழுதியது:

தீராது. 4 சதவீதம் என்று நீங்களே சொல்கிறீர்கள், உங்கள் சிபியு தூங்குகிறது. என்கிரிப்ஷனை மொத்தமாக எடுத்தாலும் அதே 11தான். எஸ்எஸ்எச்சுக்குள்ளே டிசிபிக்கு மேலே தனியாக ஒரு விண்டோ இருக்கிறது, 2 எம்பி. அவ்வளவு அனுப்பியபின் அந்தப் பக்கத்திலிருந்து 'வாங்கிக்கொண்டேன்' வரும்வரை நிற்க வேண்டும், உங்களுக்கு அது வர 0.18 நொடி. இரண்டை அதால் வகுத்தால் 11 வருகிறதா? எஸ்எஃப்டிபிக்கும் இதே கதைதான், 32 கேபி வீதம் 64 கோரிக்கைகள்தான் ஒரே நேரத்தில் பறக்கும், அதுவும் பெருக்கினால் 2 எம்பி. பல கனெக்ஷன்களை இணையாக ஓட்டுங்கள், எட்டு ஓட்டினால் எட்டு மடங்குக்குப் பக்கத்தில் வரும். எச்பிஎன் உண்மையில் பிறந்தது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான், அந்த விண்டோவைப் பெரிதாக்குவதுதான் அதன் முதல் வேலை, 'நன்' அதில் ஒரு மூலையில் இருக்கும் சமாச்சாரம். பொது இணையத்தில் போகிற டேட்டாவுக்கு 'நன்'னை நினைத்தும் பார்க்காதீர்கள்.



கிடங்குக்காரன் எழுதியது:

முடிந்தது! விவரம் எழுதுகிறேன், நாளைக்கு யாருக்காவது உதவும்.

வெள்ளி மாலை விஎம்மை அணைத்து ஹோஸ்ட் சிபியு வகைக்கு மாற்றி ஏற்றினார்கள். பூஜ்ஜியச் சோதனையில் ஏஇஎஸ்128-ஜிசிஎம் 130-லிருந்து 710 எம்பிக்குத் தாவியது, ஒரே ஒரு அமைப்பு மாற்றத்தில். ஆனால் ஆர்சிங்க் சேர்ந்ததும் ஒரு கனெக்ஷனுக்கு 430தான், இந்த முறை டாப்பில் 100 சதவீதம் காட்டியது எஸ்எஸ்எச் அல்ல, ஆர்சிங்க்! பழைய சர்வரில் இருந்தது 3.1, ஃபைலுக்கு எம்டி5 செக்சம் போட்டுக்கொண்டிருந்தது. 3.2-ல் அதைவிட வேகமான எக்ஸ்எக்ஸ்ஹாஷ் வந்திருக்கிறது என்று படித்தேன், ஆனால் கடைசி நேரத்தில் பழைய மெஷினில் கை வைக்கப் பயந்து மூன்று ஆர்சிங்க் இணையாகவே ஓட்டினேன். முழு ஃபைலையும் அனுப்பு, ஒப்பிடாதே என்கிற ஆப்ஷனும் கொடுத்தேன், அந்தப் பக்கம் காலிதானே. மொத்தம் 780 எம்பி நிலையாக வந்தது. சனி இரவு 10 மணிக்கு ஆரம்பித்து பெரிய இமேஜ்கள் 13.4 டிபியும் 2:45-க்கு முடிந்தன.

மிச்சம் 600 ஜிபி ஸ்கேன் ஆவணங்கள், 40 லட்சம் சின்ன ஃபைல்கள். அதில்தான் உயிர் போனது. என்கிரிப்ஷனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஒவ்வொரு ஃபைலையும் திற, எழுது, மூடு என்று டிஸ்க் தலை அலைகிறது. ஆர்சிங்கை நிறுத்திவிட்டு டாரை எஸ்எஸ்எச்சுக்குள் பைப் செய்தேன், அதுவே 4:20 வரை இழுத்தது. பிறகு ஒரு தடவை எல்லாவற்றின் மேலும் ஆர்சிங்க் ஓட்டி விடுபட்டது உண்டா என்று பார்த்தேன், எதுவும் இல்லை. 5:30-க்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

வெறுங்கம்பி எழுதியது:

வாழ்த்துகள். ஆனாலும் நெட்கேட் போட்டிருந்தால் ஒரு மணிக்கே தூங்கப் போயிருப்பீர்கள் என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிடங்குக்காரன் எழுதியது:

அதையும் பார்த்துவிட்டேன் :) புதிய டிஸ்க் அரேயில் நெட்வொர்க்கே இல்லாமல் நேராக டிடி போட்டு எழுதினேன், 850 எம்பிக்கு மேல் அது எழுதவே இல்லை. நெட்கேட் ஒரு ஜிபி கொண்டுவந்து கொட்டினாலும் எழுத ஆள் இல்லை. பெரிய ஃபைல்களில் அதிகபட்சம் 25 நிமிடம் மிச்சமாகியிருக்கும்.

வெறுங்கம்பி எழுதியது:

சரி, இந்த மெஷினுக்கு நான் தோற்றேன். ஒரு கேள்வி, நடுவில் சோதனைக்கென்று ஏற்றினீர்களே ஆர்சிங்க் டெமன், அந்த 873-ஐ மூடினீர்களா?

கிடங்குக்காரன் எழுதியது:

ஐயோ. ஓடிக்கொண்டிருக்கிறது. விஎம்மை அணைத்து ஏற்றியபோது தானாகவே எழுந்து உட்கார்ந்திருக்கிறது, ஐபி கட்டுப்பாடும் போடவில்லை. இப்போதுதான் நிறுத்தினேன், லாகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.